கப்டன் கெண்ட்ரிக் திருப்பிக் கேட்ட பெயர்

நியூ ஜெர்சிக்கு வந்து ஐந்தாம் வருடம் ஞானமணிக்குத் தொலைபேசியிலேயே ஒரு வேலை கிடைத்தது. கொடுத்தவர்கள் அவளைப் பார்க்கவில்லை, அவள் தட்டெழுதுவதையும் பார்க்கவில்லை. பெயரைக் கேட்டார்கள். அதுவே போதுமாயிருந்தது.

சால்ட் க்ரீக் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். எடிசனில் அவள் குடியிருந்த அபார்ட்மெண்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். 1985இல் அந்த ஊருக்கு முந்நூறு வயது நிறைகிறது. அதற்காக அங்குள்ள வரலாற்றுக் கழகம் ஒரு சிறு புத்தகம் போடப்போகிறது. ஊர் பெற்ற ஒரே பெரிய மனிதரான அமெரிக்கக் கடற்படையின் கப்டன் ஜோசையா கெண்ட்ரிக்கின் வாழ்க்கையும் குடும்ப வரலாறும். பெட்டி பெட்டியாகக் கிடக்கும் பழைய கடிதங்களை வாசித்து, ஒழுங்குபடுத்தி, அச்சுக்குத் தயாராகத் தட்டெழுதித் தர ஓர் ஆள் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம்.

"உங்கள் பெயர்?" என்றது மறுமுனையில் ஒரு பெண்குரல்.

"ஞானமணி கெண்ட்ரிக்."

"கெண்ட்ரிக்கா! நானும் கெண்ட்ரிக் வீட்டுப் பெண்தான். நீங்கள் எந்தக் கிளை? சரி, அதையெல்லாம் நேரில் பேசுவோம். திங்கட்கிழமை வந்துவிடுங்கள்."

திங்கட்கிழமை கதவைத் திறந்தது கழகத்தின் தலைவி கரோலின் ஆம்ஸ். அறுபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் ஒற்றை வடம் முத்துமாலை. ஞானமணியைப் பார்த்தார். பிறகு அவளுடைய தோளுக்கு மேலால் தெருவைப் பார்த்தார், கெண்ட்ரிக் இன்னும் காரை நிறுத்திக்கொண்டிருக்கிறாளோ என்பதுபோல.

அன்று மாலை அதைக் கேட்டு அவள் கணவன் செல்வராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பேருக்கு வேலையைக் குடுத்திட்டு ஆளைக் கண்டோடன முழிச்சுப்போட்டா போல. இஞ்சரும், அடுத்த இன்ரவியூவுக்கு நானும் மிஸ்டர் கெண்ட்ரிக் எண்டு போடட்டோ?"

"சிரிக்காதேங்கோ. எனக்குப் பத்தி எரியுது."

"பத்தி எரிஞ்சாலும் போம். இலினோலியம் தரைவிரிப்புக் கடையில கல்லாவில நிக்கிறதை விட நல்லதுதானே."

அவள் போனாள்.

அந்தப் பெயர் வந்த கதையை யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பலரும் தங்கள் வீட்டுக் கதையாகவே சொல்வார்கள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்காவிலிருந்து பாதிரிமார் வந்து பள்ளிக்கூடம் வைத்தார்கள். பிள்ளைகளைச் சேர்த்து, விடுதியில் வைத்துச் சோறு போட்டுப் படிப்பித்தார்கள். ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் யாரோ ஒருவர் ஏற்பார். ஏற்பவர் விரும்பும் பெயரை அந்தப் பிள்ளைக்கு வைப்பார்கள். செத்துப்போன மகனின் பெயர், மதிப்புக்குரிய போதகரின் பெயர், எதுவும் ஆகலாம். இப்படித்தான் பண்டத்தரிப்பில் வேலாயுதரின் மகன் சின்னத்தம்பி தன் பத்தாவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜோசையா கெண்ட்ரிக் ஆனான். அவனுடைய பேரனின் மகன் ஜீவரத்தினம் கெண்ட்ரிக். அவருடைய மகள் ஞானமணி.

பெயரோடு ஒரு படமும் வந்தது. கடற்படைச் சீருடையில், இரட்டை வரிசைப் பொத்தான்களோடு, ஒரு கையைத் தொலைநோக்கியின் மேல் வைத்தபடி கப்டன். அந்தப் படம் பண்டத்தரிப்பு வீட்டிலிருந்து கொழும்புக்கு, வெள்ளவத்தை வீட்டின் முன்னறைக்கு வந்தது. இயேசுநாதருக்குப் பக்கத்தில், அவரைவிட ஒரு விரல் கீழே மாட்டப்பட்டது. "இந்த மனிசன் படிப்பிக்காட்டி நாங்கள் இண்டைக்கும் பனையிலதான்" என்று ஜீவரத்தினம் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். படத்தின் பின்னட்டையில் பழுப்பு மையில் ஒரு முகவரி இருந்தது. கெண்ட்ரிக் குடும்பம், சால்ட் க்ரீக், நியூ ஜெர்சி. சின்ன வயதில் ஞானமணியை அவர் அதை ஒப்பிக்கச் செய்திருக்கிறார், பரமண்டல ஜெபத்தைப்போல.

1983 ஜூலையில் அந்த வீட்டை எரித்தார்கள். ஜீவரத்தினம் சாரத்தோடு பின்மதில் ஏறிக் குதித்தார். மனைவி போய் நாலு வருடம் ஆகியிருந்தது. அந்த ஒன்றுக்காகத்தான் அன்று கடவுளுக்கு நன்றி சொன்னாராம். படம் எரிந்தது. மகள் எழுதிய கடிதங்கள், அவற்றில் இருந்த அவளுடைய முகவரி, தொலைபேசி எண், எல்லாம் எரிந்தன. எடிசனில் ஞானமணி ஏழு வாரம் தொலைபேசிக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கிடந்தாள். அப்பா உயிரோடிருக்கிறார் என்று ஒரு தேவாலய உதவிக்குழுவின் பட்டியல் வழியாகத் தெரிந்தபோது அவளுடைய தலைமுடி கொத்தாகக் கொட்டத் தொடங்கியிருந்தது. அந்த டிசம்பரில் அவரை அழைப்பித்துக்கொண்டாள்.

ஆகவே மகளுக்குச் சால்ட் க்ரீக்கில் வேலை என்று கேட்டதும் கிழவர் அழுதார். "பாத்தியே பிள்ளை? கடவுள் எங்க கொண்டந்து விட்டிருக்கிறார் எண்டு."

கழகம் இருந்தது கப்டனின் பழைய வீட்டில். மேல்மாடி அறையில் பதினொரு பெட்டிகள். ஞானமணி ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

கப்டன் 1806இல் அந்த வீட்டிலேயே பிறந்தவர். அப்பா எலைஷா, சிப்பிப் படகுகள் வைத்திருந்தவர், பிறகு படகு கட்டியவர். அம்மா அபிகேல், தேவாலயத்துக்கும் சமையலறைக்கும் இடையே தேய்ந்தவள். பதினைந்து வயதில் மகனைக் கடற்படைக்குக் கொடுத்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் கடற்கொள்ளையரைத் துரத்தினான், மஞ்சள் காய்ச்சலில் பாதி செத்துப் பிழைத்தான், பதவி உயர்வுக்குப் பதினெட்டு வருடம் காத்திருந்தான். மெக்சிகோப் போரில் கடற்கரையை மறித்து நின்றான். அங்கே அவன் கண்டது பெரும்பாலும் கொசு. 1850இல்தான் சொந்தமாக ஒரு கப்பலை நடத்தக் கொடுத்தார்கள். கிழக்குக் கடல்களுக்கு ஒரு நீண்ட பயணம் போய்வந்தார். ஐந்து வருடத்தில் ஓய்வுப் பட்டியலில் போட்டுவிட்டார்கள். கலியாணம் கட்டவில்லை. 1868இல், பிறந்த அறைக்கு அடுத்த அறையில், யாரோடும் பேசாமல் செத்தார். கரோலின் அவருடைய தம்பி வழி. ஜோசையா கெண்ட்ரிக் என்ற பெயர் அதற்குப் பிறகு பண்டத்தரிப்பில் மட்டும்தான் இருந்தது.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை என்று ஞானமணி நினைத்தாள். ஏதோ ஒரு மனிதன், எல்லாரையும்போல. அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

நாலாவது பெட்டியில் எலைஷாவின் மரண சாசனம் இருந்தது. படகுகள் மூத்தவனுக்கு, வீடு மனைவிக்கு, பசுக்கள் இன்னின்னாருக்கு. பசுக்களுக்கு அடுத்த வரியில் டீனா, சீசர் என்று இரண்டு பெயர்கள். கறுப்பினத்தவர். அடிமைகள். தேவாலயப் பதிவேட்டின் பிரதியில் அந்தச் சீசருக்கு முழுப்பெயரும் இருந்தது. சீசர் கெண்ட்ரிக்.

அதை அவள் இரண்டு தரம் வாசித்தாள். பிறகு வரிக்கு வரி தட்டெழுதி வைத்தாள்.

ஒன்பதாவது பெட்டியின் மூடியில் 'சிலோன்' என்று எழுதியிருந்தது.

பண்டத்தரிப்புப் பையனுக்குச் செலவழித்தது கப்டன் இல்லை. அம்மா அபிகேல். முட்டை விற்ற காசு. மிஷனுக்கு அவள் எழுதிய கடிதத்தின் நகலில் காரணமும் இருந்தது. கடலில் ஒரு ஜோசையா போனால், கரையில் ஒரு ஜோசையா அவனுக்காக முழங்காலில் நிற்கட்டும். மகனிடம் அவள் சொல்லவில்லை. படத்தை அனுப்பியதும் அவள்தான்.

1851இல் கப்டனின் கப்பல் தண்ணீர் எடுக்கத் திருகோணமலையில் நின்றது. செய்தி மிஷன் வழியாகப் பண்டத்தரிப்புக்குப் போனது. சின்னத்தம்பி என்ற ஜோசையாவுக்கு அப்போது இருபத்தொரு வயது, பள்ளியில் உதவி ஆசிரியன். வன்னிக்குள்ளால் ஒன்பது நாள் நடந்து போனான். கையில் ஒரு பனையோலைப் பெட்டி நிறையப் பனங்கட்டி. பெயர் கொடுத்த மனிதருக்குக் காணிக்கை.

நடந்ததைக் கப்டனே தன் தாய்க்கு எழுதியிருந்தார்:

'அந்தக் கறுத்த இளைஞன் என் கப்பல் தளத்தில், என் அதிகாரிகள் முன்னால், தன்னை ஜோசையா கெண்ட்ரிக் என்று சொல்லிக்கொண்டு நின்றான். நம் ஊரில் நம் பெயரோடு ஒரு கறுத்தவன் நின்றால் அதற்கு ஒரே பொருள்தான் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அவனை விலைக்கு வாங்கினேனா, பெற்றேனா என்று என் கீழ் வேலை செய்கிறவர்கள் இரண்டு வாரமாகக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அவனை இறங்கிப் போகச் சொன்னேன். இனி அவனுக்கு ஒரு சதமும் அனுப்பவேண்டாம். என் பெயரை அவனிடமிருந்து எடுத்துவிடும்படி பாதிரிமாருக்கு எழுதுங்கள்.'

பனங்கட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதன் கீழே பையனின் கடிதம். பாதிரிமார் சொல்லிக்கொடுத்த சுத்தமான ஆங்கிலம், சாய்ந்த எழுத்து, ஓர் அடித்தல் இல்லை. அபிகேலுக்கு எழுதியது. ஞானமணி அதை நின்றுகொண்டே வாசித்தாள்.

'அம்மணி, பெயரைத் திருப்பித் தரும்படி உங்கள் மகன் கேட்கிறார் என்று பாதிரியார் சொன்னார். நான் அதைத் திருடவில்லை. சபை முன்னால், தண்ணீர் ஊற்றி, நீங்கள் கொடுத்தீர்கள். அதை வாங்குவதற்காக என் தகப்பன் வைத்த பெயரை விட்டேன். அன்றிலிருந்து அவர் என்னைத் தன் அடுப்படிக்குள் விடவில்லை. பழைய பெயரோடு போய் நிற்க எனக்கு இப்போது ஒரு வீடும் இல்லை. ஆகையால் இதை நான் தரமாட்டேன். ஒரே பெயரில் இருவர் இருப்பது உங்கள் மகனுக்கு வெட்கமாயிருந்தால், அவர் தன் பெயரை மாற்றிக்கொள்ளட்டும். நான் இன்னும் அவருக்காக ஜெபிக்கிறேன். அது உங்களுக்கு நான் கொடுத்த வாக்கு.'

ஞானமணி சிரித்துவிட்டாள். பெருமையாயிருந்தது. பிறகுதான் கோபம் வந்தது. நூற்று முப்பது வருடமாக இயேசுநாதருக்குப் பக்கத்தில் யாரை மாட்டி வைத்திருந்தோம்! பையன் தன் பிள்ளைகளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. படத்தை மட்டும் சுவரில் விட்டிருந்தான். நன்றிக்காக வைத்தான் என்று குடும்பம் நினைத்தது. தினமும் நேருக்கு நேர் முறைத்துப் பார்க்க வைத்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

கடிதத்தை ஒரு தாளில் முழுதாகத் தட்டெழுதினாள். அது பதினாலாம் பக்கம்.

கரோலின் தட்டெழுத்துப் பிரதியைச் சிவப்புப் பென்சிலோடு வாசித்தார். டீனா, சீசர் மேல் ஒரு கோடு. கப்டனின் கடிதத்தின் மேல் ஒரு கோடு. பதினாலாம் பக்கம் முழுவதும் மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி.

"ஏன்?" என்றாள் ஞானமணி.

"இது பிறந்தநாள் புத்தகம், கண்ணே. சிறுவர்களும் வாசிப்பார்கள்."

"இந்த இளைஞன் என் அப்பாவின் பூட்டனார்."

"அதுதான் அருமையான விஷயம்!" கரோலினின் முகம் மலர்ந்தது. "அதை விடவே மாட்டோம். 'கப்டனின் பெருந்தன்மை இலங்கைவரை எட்டியது' என்று ஒரு வரி போடுங்கள். விழா மேடையில் உங்கள் அப்பா வந்து நன்றி சொன்னால் எவ்வளவு நன்றாயிருக்கும்? அட்டையில் 'தொகுத்தவர், ஞானமணி கெண்ட்ரிக்' என்று உங்கள் பெயரையும் போடுகிறேன்."

"பெயர் மட்டும் வேணும், ஆள் வேண்டாம்" என்று ஞானமணி தமிழில் சொன்னாள்.

"என்ன சொன்னீர்கள்?"

"ஒன்றுமில்லை."

சீசரின் வரிகளை வேறு தாளில் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும் என்று அன்று மறுபடி மேல்மாடிக்குப் போனாள். ஒன்பதாவது பெட்டியில் கடிதங்களைத் திருப்பி வைக்கும்போது, அடியில் புதிதாக ஓர் உறை தட்டுப்பட்டது. இலங்கை முத்திரை. 1983 ஆகஸ்ட். உறையின் எழுத்தை அவளுக்குத் தெரியும். பதினெட்டு வயதுவரை அவளுடைய பள்ளி அறிக்கைகளில் எல்லாம் கையொப்பமிட்ட எழுத்து அது.

கொப்பியிலிருந்து கிழித்த தாள். அகதி முகாமிலிருந்து எழுதியது.

'மதிப்புக்குரிய கெண்ட்ரிக் குடும்பத்தாருக்கு. உங்கள் பெயரை நாங்கள் நாலு தலைமுறையாகத் தாங்கியிருக்கிறோம். என் வீடு எரிந்துவிட்டது. நான் பணமோ புகலிடமோ கேட்கவில்லை. என் மகள் உங்கள் மாநிலத்தில் எடிசன் என்ற ஊரில் இருக்கிறாள். அவளுடைய முகவரி எரிந்துபோயிற்று. எனக்கு மனப்பாடமான ஒரே அமெரிக்க முகவரி உங்களுடையது. தொலைபேசிப் புத்தகத்தில் செல்வராஜா என்ற பெயரைத் தேடி, அப்பா உயிரோடிருக்கிறார் என்று அவளுக்குச் சொல்லிவிடுங்கள்.'

மேலே ஒரு கிளிப். கிளிப்பில் ஒரு துண்டு. கரோலினின் சிவப்புப் பென்சில். 'மறுபடியும் சிலோன். பதில் வேண்டாம். கோப்பில் வைக்க.'

ஏழு வாரம். ஒரு தொலைபேசிப் புத்தகத்தைத் திறந்து, எஸ் என்ற எழுத்துவரை புரட்டுகிற வேலை.

அவள் கடிதத்தோடு கீழே இறங்கினாள். கரோலின் விழாவுக்குக் கொடி எண்ணிக்கொண்டிருந்தார்.

"இதை நீங்கள் வாசித்தீர்களா?"

கரோலின் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஓ, இப்படி நிறைய வரும். உதவி கேட்டு. முதல் இரண்டு வரியிலேயே தெரிந்துவிடும்." கடிதத்தை நீட்டினார். "ஆனால் பாருங்கள், எறியவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன். இதுவும் நாளைக்கு வரலாறுதானே."

அந்த முத்துமாலையைப் பிடித்து இழுத்தால் எத்தனை முத்து எங்கெங்கே ஓடும் என்று ஞானமணிக்கு ஒரு கணம் துல்லியமாகத் தெரிந்தது. கடிதத்தின் ஒரு பிரதியை நகல் இயந்திரத்தில் எடுத்துக்கொண்டு, வேறு ஒன்றும் பேசாமல் காரில் ஏறினாள். வழியில் இரண்டு இடத்தில் காரை ஓரமாக நிறுத்திக் கத்தினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் கத்தினாள்.

அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. முகாமிலிருந்து அவர் அப்படி ஒரு கடிதம் எழுதியதாக அவளுக்குத் தெரியும். வந்த முதல் வாரமே சொல்லியிருந்தார். "அந்த நேரம் தபால் ஒண்டும் போகேல்லைப் பிள்ளை. போயிருந்தா அவையள் கட்டாயம் உனக்குச் சொல்லியிருப்பினம்." அந்தக் 'கட்டாயம்' என்ற சொல்லில் அவர் சாய்ந்திருந்தார். அதை அவள் எப்படி இழுப்பாள்?

இறுதிப் பிரதிகளைக் கரோலின் பார்த்து ஒப்புக்கொண்டார். பதினாலு தாள். அவற்றை அச்சகத்துக்கு எடுத்துப்போனது ஞானமணி. போகும் வழியில் பதினைந்தாவதாக ஒரு தாளை வைத்தாள். மேலே 14-அ என்று இருந்தது. ஒரு பக்கத்தில் சீசரும் கப்டனின் கடிதமும், மறுபக்கத்தில் பையனின் கடிதம். அச்சகக்காரர் கொடுத்ததை அடித்தார். ஒவ்வொன்றிலும் நானூறு பிரதி.

தாள்களை அடுக்கி, அட்டை வைத்துத் தைக்கிற வேலையும் ஞானமணியுடையதே. விழாவுக்கு முந்திய சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் பதினாலு குவியல்களை வரிசையாக வைத்தாள். மேசையைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு குவியலிலும் ஒரு தாள் எடுத்து, கடைசியில் அட்டையோடு ஸ்டேப்ளரின் கீழ் வைக்கவேண்டும். செல்வராஜா அட்டைகளை மடித்தான். ஜீவரத்தினம் நடந்தார். எழுபத்தொரு வயதிலும் சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டு, பெல்ட் கட்டி நடந்தார். சட்டைப் பையில் நன்றியுரை. மூன்று தரம் திருத்தி எழுதியது.

பதினைந்தாவது கட்டு பிரிக்காமல் நாற்காலியில் இருந்தது.

"அது என்ன?" என்றார்.

"அதையும் எடுங்கோ அப்பா. பதினாலுக்குப் பிறகு."

அவர் கட்டைப் பிரித்து, மேல் தாளை எடுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். வாசித்தார். திருப்பினார். மறுபடியும் வாசித்தார். செல்வராஜா அட்டை மடிப்பதை நிறுத்திவிட்டான்.

"இது ஆர் போடச் சொன்னது?"

"நான்தான்."

"அந்த மனிசிக்குத் தெரியுமோ?"

"தெரியாது. வெட்டினவ. நான் திரும்பப் போட்டனான்."

"மணி, உனக்கு விசரே?" தாளைக் குவியலின் மேல் அடித்து வைத்தார். "எங்கட பூட்டனை ஒருத்தன் கப்பலால இறக்கி விட்டவன் எண்டு அச்சடிச்சு ஊருக்குக் குடுக்கப்போறியோ? ஆருக்கு வெட்கம்? அவைக்கோ, எங்களுக்கோ?"

"எங்களுக்கு என்னத்துக்கு வெட்கம்? வாசிச்சுப் பாருங்கோ அவர் எழுதின மறுமொழியை! தரமாட்டன் எண்டு சொன்னவர் அப்பா. வெள்ளைக்காரிக்கு, அந்தக் காலத்தில, இருபத்தொரு வயசில. இதை விட்டிட்டு நீங்கள் அந்தக் கொள்ளையில போறவனுக்கு மேடை ஏறி நன்றி சொல்லப் போறியளே?"

"வாயை அடக்கு. அந்தத் தாய் காசு அனுப்பாட்டி அந்த மறுமொழி எழுத இங்கிலீஸ் எங்கால வந்திருக்கும்?"

"தாய்க்குச் சொல்லுங்கோ! தாய்க்கு நானும் சொல்லுறன். தாயின்ர பேரும் அந்தப் புத்தகத்தில அரை வரிதான்!"

"மாமா, கொஞ்சம் தண்ணி குடியுங்கோவன்" என்றான் செல்வராஜா.

"நீர் சும்மா இரும்." கிழவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி ஒருத்தன் அப்பிடி எழுதினான். சரி. அப்ப எல்லாரும் அப்பிடித்தான். அந்த ஆக்கள் இண்டைக்கு இல்லை. இண்டைக்கு இருக்கிறவை நல்ல சனம். உனக்கு வேலை தந்தவை. என்னை மேடைக்குக் கூப்பிட்டவை. என்ர கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்திருந்தா, அண்டைக்கே உன்னைத் தேடிப் பிடிச்சு..."

"சேர்ந்தது!"

அவள் கத்திய கத்தலில் ஸ்டேப்ளர் மேசையில் அதிர்ந்தது.

"சேர்ந்தது அப்பா! உங்கட கடிதம் ஒம்பதாம் பெட்டிக்குள்ள கிடக்கு. பதில் வேண்டாம் எண்டு துண்டு குத்தி வச்சிருக்கிறா அந்த நல்ல சனம். ரெண்டு வரிக்கு மேல வாசிக்கவும் இல்லையாம். நான் கேட்டனான். நான் வாயால கேட்டனான். நான் ஏழு கிழமை நீங்கள் செத்திட்டியள் எண்டு கிடந்தனான், அவ உங்களைக் கோப்பில போட்டிட்டு இருந்தவ!"

சொன்ன பிறகுதான், சொல்லக்கூடாது என்று மூன்று மாதம் பூட்டி வைத்தது அது என்பது அவளுக்கு நினைவு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து, கைப்பையிலிருந்து அந்த நகலை எடுத்து மேசையில் வைத்தாள். துண்டையும் சேர்த்து நகல் எடுத்திருந்தாள்.

ஜீவரத்தினம் தன் எழுத்தையே வாசித்தார். துண்டை வாசித்தார். 'மறுபடியும் சிலோன்' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"ரெலிபோன் புத்தகம்" என்றார். கீழே கார் நிறுத்துமிடத்தில் யாரோ திரும்பத் திரும்ப எஞ்சினை முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கட ரெலிபோன் புத்தகத்தைக் கொண்டா" என்றார் கடைசியில்.

செல்வராஜா எழும்பிக் கொண்டுவந்து கொடுத்தான். கிழவர் நின்றபடியே புரட்டினார். எஸ் எழுத்துக்குப் போனார். விரல் கீழே இறங்கி ஓர் இடத்தில் நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அரை நிமிசமும் இல்லை" என்றார்.

புத்தகத்தை மூடினார். சட்டைப் பையிலிருந்து நன்றியுரையை எடுத்தார். கிழிப்பார் என்று ஞானமணி நினைத்தாள். கிழிக்கவில்லை. நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலின் அடியில் குனிந்து வைத்தார். மேசையை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். நின்றது.

"நடவுங்கோ" என்றார். "நானூறு கிடக்கு."

ஒன்று, இரண்டு என்று தாள்களை எடுத்துக்கொண்டே நடந்தார். பதினாலில் எடுத்தார். நாற்காலிக்கு வந்து, பதினைந்தாவது கட்டிலும் ஒன்று எடுத்தார். நாலு விளிம்பையும் தட்டி நேராக்கி, அட்டைக்குள் வைத்து, தானே ஸ்டேப்ளரை அழுத்தினார். மூன்று இடத்தில். ஒவ்வொரு அழுத்தலும் அறை முழுவதும் கேட்டது.

"இவ்வளத்துக்கும் பிறகு உமக்குத் திங்கள் வேலை இராது, தெரியுந்தானே?" என்றான் செல்வராஜா மெதுவாக.

"தெரியும். கடைக் கல்லா இருக்குதானே."

"அட்டையில உம்மட பேர் கிடக்கு. அதை எண்டாலும் வெட்டுவமோ?"

"தொடாதேங்கோ" என்று அப்பாவும் மகளும் ஒன்றாகச் சொன்னார்கள்.

பின்னேரம் ஆறு மணிக்கு நானூறும் முடிந்தன. நானூறாவதை ஜீவரத்தினம் உடனே தைக்கவில்லை. அதைத் தனியாக வைத்து, முகாமிலிருந்து எழுதிய தன் கடிதத்தின் நகலை, துண்டு வெளியே தெரியும்படி மடித்து, 14-அ பக்கத்துக்குப் பின்னால் செருகினார். பிறகு அழுத்தினார். உள்ளங்கை சிவக்கும்வரை அழுத்தினார்.

"இது அந்த மனிசிக்கு" என்றார். "மேடையில நான்தான் கையில குடுப்பன். வாசிக்குமட்டும் பக்கத்தில நிப்பன்."